இருபதாவது நிமிடத்துச் செல்லப்பா

1.
இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. கொட்டாவி என்னுடையது. அமீர்பேட்டில் நண்பர் ஒருவர் தான் எடுத்த போர்ப்படத்தை வேண்டியவர்களுக்குப் போட்டுக் காட்டினார். திரையில் இருநூறு பேர் செத்துக்கொண்டிருக்க, நான் சமோசா எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, கதையாக எழுதுகிறேன். நண்பருக்கு இங்கே குமரவேல் என்று பெயர்.

2.
முதல் தொடக்கம்: 'பனிமலை உச்சியில் பீரங்கிகள் முழங்க'

(வேண்டாம். நானே தூங்கிவிடுவேன்.)

இரண்டாம் தொடக்கம்: படம் முடிந்து தார்நாகா வீட்டு வாசலில் குமரவேல் வண்டியை நிறுத்தினான். பின்னாலிருந்து மனைவி ராஜி இறங்கினாள். படம் அவளுடைய அண்ணன் செல்லப்பாவைப் பற்றியது. எல்லையில் இறந்தவன். ராஜி சரி என்றால்தான் படம் வெளியே போகும் என்பது நான்கு வருடத்துக்கு முன் குமரவேல் கொடுத்த வாக்கு.

3.
"எப்படி இருந்துச்சு?"

"சத்தம் நல்லா இருந்துச்சுங்க."

"ராஜி!"

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்க நக்கோ. அண்ணன் எப்ப வரான்? கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

குமரவேல் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "இருபதாவது நிமிஷமே செத்துட்டானேடி. தாய்மண்ணப் பத்திப் பேசிட்டு விழுவானே!"

"ஹவ்வா, அப்படியா? அது அவனா? எல்லாருக்கும் ஒரே தொப்பி, மூஞ்சி பூரா சேறு. நான் யாரோன்னு சமோசா தின்னுட்டு…"

4.
இங்கே ஒரு தத்துவம் எழுதியிருந்தேன்: 'பார்ப்பவருக்குப் போர் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை, ஆகவே போர்ப்படங்கள்' என்று. அடித்துவிட்டேன். மேலே போய்ப் பாருங்கள்: நானும் செல்லப்பாவை இரண்டே சொல்லில் கொன்றிருக்கிறேன். நீங்களும் கையில் இருந்த சமோசாவைக் கீழே வைக்கவில்லை.

5.
முடிவு அ: ராஜி சரி என்கிறாள். (பொய்.)

முடிவு ஆ: குமரவேல் படத்தைக் கைவிடுகிறான். (அவனை எனக்குத் தெரியும். மாட்டான்.)

முடிவு இ: குமரவேல் ஹெல்மெட்டைக் கழற்றினான். "சரி, அவன் எப்படித்தான் பேசுவான்? சொல்லு."

"எங்க பேசுவான்? உஸ்மானியா பிஸ்கெட்ட சாயில முக்குவான். உடைஞ்சு உள்ள விழுந்துரும். நைசா என் கப்போட மாத்தி வெச்சுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஜன்னலப் பாப்பான்." ராஜி சிரித்தாள். சிரிப்பு பாதியில்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.)

குமரவேல் அதைப் புதுக் காட்சியாக எழுதிக்கொண்டான். அடுத்த காட்சியில் செல்லப்பா விழ வேண்டும். பேனா அங்கேயே நிற்கிறது, என்னுடையதும்தான்.

கப்பை மாற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் செல்லப்பா. குண்டை எப்போது போடலாம், நீங்களே சொல்லுங்கள்.