பேசினால் நிற்கும் கால்

வாயைத் திறந்தால் என் வலது கால் நின்றுவிடும். பக்கவாதம் வந்துபோன பிறகு எனக்கு மிஞ்சிய கூத்து இது. பேசாமல் இருந்தால் தடியூன்றி ஜங்லிகாட் மீன் சந்தைவரை போய்விடுவேன். யாராவது, "கனி பாய், கைசே ஹோ?" என்று இந்தியில் நலம் கேட்டால் போதும், பதில் தேடுவதற்குள் கால் ரோட்டில் ஒட்டிக்கொள்ளும்.

என் மனைவி ஜைனப் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் நடக்கும்போது யாரும் என்னிடம் பேசக்கூடாது. மீன் வாங்கப் போகும்போதும் வரும்போதும் காலமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே நடந்தவர்கள் நாங்கள். வீடு கட்டுவதைக்கூட அந்த ரோட்டில் கத்தித்தான் முடிவு செய்தோம். இப்போது வாயைப் பூட்டிக்கொண்டு கூட வருகிறாள். உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன உளறினாலும், "சரிங்க மச்சான்" என்கிறாள். எரிச்சலாக இருந்தது. கால் எக்கேடு கெட்டுப் போகட்டும், எனக்கு என் சண்டைக்காரி வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் ரூபா, உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளை என் தலையில் வைத்துக் கட்டினாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஒரு சின்னப் பெட்டியோடு அவற்றை இணைத்தாள்.

"லேசா கரண்ட் போகும் அங்கிள். ஆபரேஷன் இல்ல, ஊசி இல்ல. அது போறப்ப பேசிக்கிட்டே நடந்து பழகணும். சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. ஆராம்சே, மெதுவா பாப்போம்."

எறும்பு ஊர்வதுபோல அரித்தது. பிறகு அதுவும் அடங்கியது. நெற்றியில் வழிந்த தண்ணீர் உதட்டில் கரித்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, அது என் தலைக்குள்ளிருந்தே புறப்படுவதாகத் தோன்றியது. தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. கடலுக்கு அடியில், மீன்கள் விலகி வழிவிட, நான் மெல்ல நடப்பதுபோல இருந்தது.

"உங்க மளிகைக் கடைச் சாமான் பேரைச் சொல்லிக்கிட்டே நடங்க" என்றாள் ரூபா.

மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு என்று கடைசிவரை சொல்லி நடந்துவிட்டேன். ரூபா கை தட்டினாள். வாசலுக்கு வந்ததும் ஜைனப், "ஆட்டோ புடிக்கவா?" என்று மறந்துபோய்க் கேட்டுவிட்டாள். கால் நின்றுவிட்டது.

அடுத்த முறை ரூபாவிடம் பொரிந்து தள்ளினேன்.

"சாமான் பேரைத் தூக்கத்துலயும் சொல்லுவேம்மா, அதுக்கு மூளை எதுக்கு? இவளுக்குப் பதில் சொல்லத்தான் மூளை வேணும்."

அன்றிலிருந்து ஜைனபையும் என்னோடு தாழ்வாரத்தில் நடக்கவிட்டாள் ரூபா. சண்டை போடச் சொன்னால் ஜைனப் மாட்டேன் என்றாள்.

"சீக்காளிகிட்ட என்னத்த மல்லுக்கு நிக்கிறது?"

மழை வருமா, சோறு குழைந்ததா என்று பூப்போலக் கேட்டாள். வாரங்கள் போயின. ஒரு சொல், இரண்டு சொல் என்று நடையோடு பதில் வந்தது. அதோடு சரி.

இந்தத் தீவில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஒரு சாயங்காலம், மழை விட்ட ரோட்டில் விளக்குகள் மிதந்துகொண்டிருந்தன. மீன் பையோடு திரும்பினோம்.

"சூரை வாங்கிருக்கலாம்" என்றேன். வழக்கமான 'சரிங்க மச்சான்' என்ற பதிலுக்குக் காத்திருந்தேன்.

"எனக்குச் சூரை புடிக்காது."

"எப்பலேர்ந்து?"

"நிக்காஹ் ஆனதுலேர்ந்து."

"பொய் சொல்லாத. போன பெருநாளைக்குச் சட்டிய வழிச்சது யாரு?"

"அது பூனை."

"பூனைக்கு அவ்வளவு காரம் ஆகுமா?"

"ஆக்கிப்போட்ட எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்கதான் காரமே இல்லன்னு தட்டைத் தள்ளினீங்க."

"நானா? உன் அண்ணன்தான் தள்ளினான்."

"எங்க அண்ணனை இழுத்தீங்க..."

அவள் குரல் ஏறிய அழகில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஈரக்காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் செருப்புச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் பள்ளிவாசல் திருப்பம்வரை வந்திருந்தோம். ஜைனப் என் காலையே பார்த்தபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் நின்னுட்ட? உங்க அண்ணனைப் பத்திச் சொல்லு" என்றேன், நடந்துகொண்டே.