குழாய் போட்டவள்

ஓட்டல் மேனேஜர் அதே கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னார். சலவையறைத் தண்ணீர் முழுவதும் சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தான் போகிறதாம். கடலுக்கு ஒரு சொட்டுகூடப் போவதில்லையாம். சோதனைக்கு வந்த ஆய்வாளரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற பிளம்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொட்டியைத் தாண்டிக் கடல்வரை குழாய் போட்டவளே அவள்தான். மூன்று வருடமாகிறது. மழைத்தண்ணீருக்கு என்றார்கள், நம்பித் தொலைத்தாள். போன மாதம் தம்பி சுற்றுலாக்காரர்களை ஏற்றும் தன் கண்ணாடி அடிப் படகில் கூட்டிப்போய்க் காட்டியபோதுதான் அதில் சலவைத் தண்ணீர் போவது தெரிந்தது. குழாய் வாயைச் சுற்றிப் பவளப்பாறை மேல் பாசி அப்பிக் கிடந்தது. சற்றுத் தள்ளி இருந்த பவளங்கள் மட்டும் இன்னும் நிறத்தோடு, உயிரோடு இருந்தன. “இதாவது பொழைக்குமாக்கா?” என்றான் தம்பி.

மறுநாளே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். “குழாய் போட்டது நீ. வாயைத் திறந்தா முதல்ல போறது உன் லைசென்ஸ்தான்” என்று சிரித்தார். அந்த லைசென்ஸை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பயந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் மறக்கவே முடியவில்லை.

“சார், ஒரு நிமிஷம்” என்று இப்போது ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுப் பையிலிருந்து பெரிய புட்டி ஒன்றை எடுத்தாள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க பிளம்பர்கள் ஊற்றும் சிவப்புச் சாயம். உயிர்களுக்குக் கேடில்லாதது. “வாயால எதுக்குச் சொல்லணும்? ஊத்திப் பாத்துடலாமே!”

மேனேஜர் பாய்வதற்குள் சலவையறை வடிகாலில் புட்டி காலியாகியிருந்தது.

மூவரும் தொட்டியருகே போய் நின்றார்கள். அரை மணி நேரமாகியும் தொட்டித் தண்ணீர் பழைய பழுப்பாகவே இருந்தது.

“சாயம் பழசா இருக்கும்” என்றார் மேனேஜர்.

அவள் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அக்கா! பாறைக்கு மேல கடல் செக்கச்செவேல்னு கிடக்கு! படகுல இருக்கிறவங்க போட்டோவா எடுத்துத் தள்றாங்க. எல்லாரும் அந்த ஓட்டல்ல தங்கியிருக்கிறவங்கதான்!”

ஆய்வாளர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளைப் புரட்டினார். “இந்தக் குழாயைப் போட்டது யாரு?”

மேனேஜரின் முகத்தில் உயிர் வந்தது. விரலை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் சார். என் பேரை முதல்ல எழுதுங்க. போடச் சொன்னவர் பேரை அடுத்த வரியில எழுதுங்க. லைசென்ஸை நாளைக்குப் பிடுங்கிக்கலாம். இன்னைக்கு நான் போட்ட குழாயை நானே அறுத்துட்டு வரேன்.”

ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.