உள்ளளவு

மாமியார் ஆசாரியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து நின்றபோது அவன் இன்னும் பல்கூடத் துலக்கியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. அவன் மனைவி இறந்து எட்டு மாதம். வரவேற்பறைச் சுவர் அரைகுறையாக நிற்பது அன்றிலிருந்து அந்த அம்மாளின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"என் பொண்ணு கெடுத்து வச்சத நானே சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன் மாப்ள. நாளைக்கு வர்றவங்க போறவங்க அவளச் சொல்லிக் காட்டக் கூடாது பாருங்க."

சோபாவுக்குப் பின்னாலிருந்த சுவரில் மூன்று பலகைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம், மூன்றடி அகலம். மேலே சாம்பல் நிறத் துணி. துணியை இழுத்துக் கட்டி ஆணி அடித்தது அவன் மனைவிதான். பலகை ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டங்குல அகலத்தில் பூ வேலை செய்த மோல்டிங் சட்டம் வர வேண்டும். வந்தால் சுவரே படமாகிவிடும், தனியாகப் படம் வேண்டாம் என்பாள். கடையில் மூலை சீவி வெட்டிக் கொடுத்த சட்டங்கள் வந்தன. பலகையைச் சுற்றி உட்கார மறுத்தன. உயரத்தில் நாலங்குலம் குறை. அகலத்திலும் நாலங்குலம்.

அளந்தது அவள். ஆகவே தப்பு அவளுடையது. இதில் அவனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. "டேப்ப நேராப் பிடிக்கத் தெரியாதவ அளந்தா இப்படித்தான் அத்த" என்று அன்றே ஃபோனில் மாமியாரிடம் சொன்னான், அவள் காதுபட. மாமியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுபடி அளந்தாள். "எனக்கு அறுபதுதாங்க வருது." பிறகு ஒரு வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தாள். சாப்பாட்டு மேசை, கதவு, ஃபிரிட்ஜ். டேப் பொய் சொல்கிறதா, கை பொய் சொல்கிறதா என்று பார்த்தாளாம். அவனுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. மூன்று மாதம் கழித்து மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே நாளில் போய்விட்டாள்.

ஆசாரி சட்டங்களைத் தரையில் பரப்பினார்.

"அளந்தது யாரு?"

"என் பொண்ணுதான்" என்று மாமியார் முந்திக்கொண்டார். "சரியான அவசரக்குடுக்கை. ஸ்கூல்லயே கணக்குப் பரீட்சைன்னா வயித்த வலிக்கும் அவளுக்கு."

ஆசாரி பலகையை அளந்தார். சட்டத்தை அளந்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"கணக்கு வராத கை இல்லம்மா இது. பலகை அறுபதுக்கு முப்பத்தாறு. சட்டமும் வெளிப்பக்கம் அறுபதுக்கு முப்பத்தாறு. நூல் பிசகல."

"அப்புறம் ஏன் சேர மாட்டேங்குது?"

"பலகையச் சுத்தி வர்ற சட்டத்துக்கு உள்ளளவுன்னு சொல்லணும். வெறும் நம்பரச் சொன்னா கடைக்காரன் வெளியளவுன்னு எடுத்துக்குவான். பக்கத்துக்கு ரெண்டு, ஆக நாலு அங்குலம் போச்சு. கடைக்கு ஆர்டர் சொன்னது யாரு சார்?"

அவன் படுக்கையறைக்குப் போய் ஃபோனை எடுத்தான். அவள் செய்திகளை இந்த எட்டு மாதமாக அவன் திறக்கவில்லை. திறந்து மேலே தள்ளினான். இருந்தது. "உள்ளளவு 60 x 36. மூணு செட். உள்ளளவுன்னு கண்டிப்பா சொல்லுங்க." கடைக்கு அவன் அனுப்பியதையும் தேடி எடுத்தான். "60 x 36. 3 செட்." அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே அனுப்பியது. சுருக்கமாக எழுதுவதில் அங்கே அவனுக்கு நல்ல பெயர்.

சட்டம் சேராதபோது அவள் ஒரு தரம் கேட்கவும் செய்தாள். கடையில் உள்ளளவென்று சொன்னீர்கள்தானே? "எல்லாம் சொன்னேன், எல்லாம் சொன்னேன்" என்றான். பொய் சொல்வதாகக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்தான்.

"அத்த, தப்பு என்னோடது. அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. நான்தான் கடைக்குச் சொல்லல."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும் மாப்ள. போய்ச் சேர்ந்தவளக்கூட விட்டுக் குடுக்க மாட்டேங்கறீங்களே. இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, நெஜமாத்தான் அத்த. இதப் படிச்சுப் பாருங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரல. படிக்கவும் வேணாம். பெத்தவ எனக்குத் தெரியாதா என் பொண்ண?"

நீட்டிய ஃபோனை ஆசாரி எட்டிப் படித்தார். அவனை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புதுசா வாங்கலாம்னா இந்தப் பூ வேலை இப்ப வர்றதில்ல சார். பலகைய நாலு நாலு அங்குலம் குறைச்சா இந்தச் சட்டமே கச்சிதமா உக்காரும்."

"அப்படியே பண்ணிடுங்க" என்றார் மாமியார்.

"வேணாம். பலகை சரியாத்தான் இருக்கு."

"சரியா இருந்தா ஏன் மாப்ள சேரல?"

அவன் வாயைத் திறந்தான். மாமியார் அதற்குள் தன் தங்கைக்கு ஃபோன் போட்டிருந்தார். "மாப்பிள்ளைன்னா இவர்தான்டி. அவ பண்ணின கூத்தையெல்லாம் தன் தலைல இழுத்துப் போட்டுக்கறார். எனக்கு அழுகையே வந்துடுச்சு..." சமையலறை, பால்கனி, மறுபடி கூடம் என்று நடந்து நடந்து பேசினார். தங்கையோடு நிற்கவில்லை. தங்கைக்குப் பிறகு நாத்தனார்.

ஆசாரி உளியை விட்டு நெம்பினார். காரை உதிர்ந்தது. பலகையை இறக்கி, ஓரத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துணியை மடித்து ஒதுக்கி, இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தினார். கோடு கிழித்தார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க சார். ஆடிச்சுன்னா துணி கிழிஞ்சிரும்."

அவன் பிடித்துக்கொண்டான். ரம்பம் இறங்கியது. ஆடாமல் பிடித்தான். மூன்று பலகைக்கும் அவனே பிடித்தான்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மாமியார் வாசற்படி வரை பின்னால் போய், தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார்.

"இப்பத்தான் அளவு சரியா இருக்கு. இல்லையா மாப்ள?"

ஆசாரி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்; தலை நிமிரவில்லை.

"ஆமா அத்த" என்றான்.