பதினான்கு சுற்று

சனிக்கிழமை காலை என்றால், குளிருக்குத் தப்பி வந்தவர்கள் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் அந்த முகாமில் ஒரு குஞ்சு குருமான் கூட மிச்சமிருக்காது. எல்லோரும் பொதுக்கூடத்தில் பான்கேக் தின்னப் போய்விடுவார்கள். அதனால்தான் ஆர்லன் அன்றைக்கு வேலையை வைத்துக்கொண்டார். யாராவது பார்த்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கழுத்தறுப்பார்களாம். அரிசோனா வெயிலில் ஒன்பது குளிர்காலம் காய்ந்து, அவர்கள் வீட்டு வண்டியின் வாசலுக்கு மேல் விரிக்கும் நிழல்துணி அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. புதிது மாட்ட வேண்டும்.

அவருடைய மனைவி மார்லிஸுக்கு இது பிடிக்கவேயில்லை. ஆள் வைத்துச் செய்யலாம் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நாற்பது வருஷம் அறுவடை இயந்திரம் பிரித்துப் பூட்டியவனிடம் ஒரு துணியை மாட்டத் தெரியுமா என்று கேட்கிறாயா என அவர் சிரித்தார். துணியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. துணி சுற்றியிருக்கும் நீண்ட உருளையின் முனையில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதைக் குறட்டால் பிடித்து முறுக்கேற்றி, முனை மூடியின் துளையில் ஒரு பின்னைச் செருகிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் கையை விட்டால் குறடு விசிறி போலச் சுழலும். போன வருஷம் பக்கத்து வண்டி டுவெய்னுக்கு மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. அப்போது டுவெய்ன் பாதிரியாருக்கு முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய கவலையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆர்லனுக்கு மறதி. ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் அவளை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சொந்த ஊரான வடக்கு டகோட்டாவில் இருக்கும் மகள் ஜோலீனிடம் கூட அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மார்ச் வந்தால் ஆயிரத்து அறுநூறு மைல் ஊருக்கு ஓட்டிப் போக வேண்டும், ஓட்டுவது அவர்தான்.

புதுத் துணியைக் கோர்த்தாயிற்று. ஆர்லன் ஏணியில் நின்று சத்தமாக எண்ணிக்கொண்டே முறுக்கினார். பதினான்கு வந்ததும் குறட்டை இறுக்கிப் பிடித்தபடி சட்டைப்பையைத் தடவினார்.

"பின்னைக் காணோம். இந்தா, இதைப் பிடி. எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் ஏணியின் மறுபக்கம் ஏறி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஒரு நிமிஷம் போயிற்று. குறடு உயிருள்ளது போல அவள் கைக்குள் திமிறியது. மூட்டுவலி பிடித்த வலது கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. குறட்டின் பிடி அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம் என்றால் கை மாற்ற வேண்டும். கை மாற்ற அவளுக்குத் தெம்பில்லை.

"ஆர்லன்!"

காது மிஷினை மாட்டியிருக்க மாட்டார். எங்கோ ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. தேடவில்லை. அடுப்பின் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார். மறந்துவிட்டார். என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தபோது, ஸ்பிரிங்கை விட அந்த நினைப்புக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். வேர்வையில் உள்ளங்கை வழுக்க ஆரம்பித்தது. கண்ணை இறுக்க மூடி, வாய்க்கு வந்த ஜெபத்தைச் சொன்னாள். பாதியில் அதுவும் அறுந்துபோனது.

கதவு திறந்தது. கையில் இரண்டு கோப்பைக் காப்பியோடு ஆர்லன் படியிறங்கினார்.

"அங்க ஏறி என்ன பண்றே நீ?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் தொப்பியின் விளிம்பில் அந்தப் பின் செருகியிருந்தது. தொலையாமல் இருக்க எப்போதும் அங்கேதான் செருகுவார். அவளுக்கு அலற வேண்டும் போலிருந்தது. அலறினால் பதறி ஓடிவந்து குறட்டைப் பிடுங்குவார்.

"காப்பியைக் கீழ வை, கிழவா. ம். இப்ப ஏறி வா. மெதுவா."

வந்தார்.

"உன் தொப்பியில ஒரு பின் இருக்கு பாரு. எடு. இந்தத் துளையில போடு."

"எதுக்கு?"

"போடு. அப்புறம் சொல்றேன்."

பின் உள்ளே போய், அதன் இரண்டு கம்பிக் காலையும் அவர் விரித்து மடக்கிய பிறகுதான் அவள் கையை எடுத்தாள். விரல்கள் நீளவில்லை. இறங்கி மடக்கு நாற்காலியில் விழுந்தவள் ஓவென்று அழுதாள். ஆர்லன் குறட்டைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், அவள் உள்ளங்கையில் பதிந்திருந்த சிவந்த வரிகளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

எதிரில் வந்து உட்கார்ந்தார். காப்பியை இருவரும் தொடவில்லை.

"உள்ள போனேன். எதுக்கு வந்தோம்னு தெரியல. ரொம்பப் பயந்துட்டேன், மார்லிஸ். காப்பி போட்டா ஞாபகம் வந்துடும்னு நினைச்சேன்."

"ரெண்டு கோப்பை போட்டியே."

"நீ எங்கயோ இருக்கேன்னு மட்டும் தெரிஞ்சுது."

பான்கேக் தின்றவர்கள் பேசிச் சிரித்தபடி திரும்பி வரும் சத்தம் கேட்டது. ஆர்லன் பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, அவளுடைய நீளாத விரல்களுக்குள் வைத்தார்.

"ஜோலீனுக்குப் போன் பண்ணு. வந்து ஓட்டிட்டுப் போகட்டும்."