உலைக்குள் போகாத பெட்டி

முப்பத்தெட்டு வருஷமாகச் சவப்பெட்டி செய்து பிழைத்தவர் பெட்டிக்காரர். செத்தவரை மண்ணில் வைப்பதுதான் மரியாதை, கொளுத்துவது குப்பைக்குச் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. மனைவி இதற்கு நேர் எதிர்க்கட்சி.

"என்னை எரிச்சிடுங்க. உங்க பெட்டிக்குள்ள காத்தே வராது," என்று சொல்லிச் சொல்லி, கடைசி வாரம் அவர் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கிவிட்டாள்.

எரிக்கத்தானே சத்தியம், பெட்டி வேண்டாம் என்று இல்லையே. அவள் போன அன்று பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல தேக்கில் ஒன்று செய்தார். காற்று வராது என்றாளே என்று இரண்டு பக்கமும் அரைச் சாண் கூடுதலாக விட்டார்.

"மின்மயானத்துக்குப் போன் போட்டு அளவு கேளுங்கப்பா," என்றாள் மகள்.

"எனக்கு நீ அளவு சொல்றியா?"

மறுநாள் காலை மின்மயானத்தில் உலைக்காரர் ஒரு குச்சியைப் பெட்டிமேல் குறுக்கே வைத்தார். அதே குச்சியை உலை வாயில் வைத்துக் காட்டினார்.

"போகாதுங்கய்யா. நாலு விரல் கூடுது."

"வாயைப் பெருசா வச்சுக் கட்டியிருக்கணும்."

"ஆளுக்குக் கட்டினதுய்யா. கட்டிலுக்கு இல்ல."

பெட்டிக்காரருக்குத் துக்கத்தையும் மீறி ஓர் உற்சாகம் வந்தது. "அப்ப புதைச்சிடுவோம். கல்லறைத் தோட்டம் பக்கத்துலதான் இருக்கு. நான் வாக்கு மாறல, உலைதான் மாட்டேங்குது."

"அதை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள் மகள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் பன்னிரண்டு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டி போட்ட குலுக்கலில், தாராளமாக விட்ட இடத்தில் நகர்ந்து நகர்ந்து, ஓரமாக ஒட்டிக் கிடந்தாள். முகம் பலகையைப் பார்த்திருந்தது. ஒரு பேச்சில் இவர் தோற்கடித்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாளே, அதே படுக்கை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு உலைக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

"அட்டைப்பெட்டிதாங்கய்யா."

கொண்டுவந்தார்கள். பெட்டிக்காரர் மூலையை அழுத்திப் பார்த்தார். உள்ளே போய் வந்தது. "இதெல்லாம் ஒரு வேலையா," என்றார். ஆனாலும் தலைப்பக்கம் தானே பிடித்துத் தூக்கி, அவளை அதில் கிடத்தி, முகத்தை நேராக்கினார். உலைக் கதவு மூடியது.

"உள்ள காத்து உண்டா?"

"காத்தை ஊதிக்கிட்டே இருக்கும்யா. இல்லன்னா எரியாது."

"ம்," என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் இதை ஒருவனும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் யாரையும் கேட்டதும் இல்லை.

உலைக்காரர் காலிப் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார். இழைப்பில் கை வழுக்கியது.

"இதை என்னய்யா செய்யப் போறீங்க?"

"ஏன்?"

"எனக்குக் குடுங்க. என்னைப் புதைக்கணும்னு வீட்டுல கண்டிப்பாச் சொல்லி வச்சிருக்கேன்."

"நீயா?"

"இருபது வருஷமா இந்தச் சூட்டுல வேகுறேன். செத்த பிறகும் வேகணுமா?"

பெட்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டிக்கு உரியவரே நேரில் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் படு," என்றார். "தோள் இடிக்குதான்னு பாரு."