நாலு வட்டம் போட்ட விடைத்தாள்

நாற்பத்தோராவது விடைத்தாளைப் புரட்டும்போது ரூத்தின் கால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ரேணுகா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முறைத்தாள்.

"காலை அடக்குடி. மேசையே நடுங்குது. என் டிக்கெல்லாம் கோணலாப் போவுது."

"உன் டிக்கு என்னிக்கு நேரா இருந்துச்சு?"

செங்கல்பட்டு பைபாஸை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாம் மாடியில் விடைத்தாள் திருத்தும் கேம்ப். கத்திரி வெயில். நாலு மின்விசிறியில் இரண்டு சுற்றின, அவையும் வெந்த காற்றைத்தான் தள்ளின. முப்பது ஆசிரியர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது தாள். ஐம்பதையும் முடிக்காமல் கையெழுத்துப் போட விட மாட்டார்கள். கையெழுத்துப் போடாமல் ஐந்தேகால் மாமல்லபுரம் பேருந்தைப் பிடிக்க முடியாது. அதை விட்டால் திருக்கழுக்குன்றத்தில் மாறி, மாமல்லபுரத்தில் மாறி, திருவிடந்தைப் பக்கம் அவள் வீடு போய்ச் சேர ஒன்பதாகிவிடும்.

ரூத் கடற்கரைச் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். பதினொரு மாதமாகிறது, இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. அப்பா கருப்பன் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன், அம்மா செல்லம்மா அதே ரிசார்ட்டில் படுக்கைத் துணி மடிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் ரூத்தான். கல்லூரியில் யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

பதின்மூன்றாம் கேள்விக்கு வந்தாள். பதின்மூன்று மதிப்பெண். 0, 1 என்ற இரண்டே எழுத்துகளால் ஆன ஒரு வரிசையை ஓர் இயந்திரம் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டு போகிறது. திரும்பிப் பார்க்க முடியாது. வரிசை எங்கே முடியும் என்றும் தெரியாது. முடிந்த கணத்தில், கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 1 ஆக இருந்தால் மட்டும் அது 'ஆம்' என்று சொல்ல வேண்டும். வட்டமும் அம்புமாக அந்த இயந்திரத்தை வரைக.

மேசைமேல் ஒட்டியிருந்த விடைக்குறிப்பில் எட்டு வட்டம் இருந்தது. கடைசியாகப் படித்த மூன்று எழுத்துகளை மறக்காமல் வைத்திருக்கும் இயந்திரம். மூன்று எழுத்து எட்டு விதமாக வரலாம், அதனால் எட்டு வட்டம். எந்த எழுத்து வந்தாலும் போவதற்கு ஒரே ஒரு வழி.

இந்தத் தாளில் நாலு வட்டம்தான் இருந்தது.

முதல் வட்டத்தில், எது வந்தாலும் இங்கேயே இரு என்று ஒரு சுற்று அம்பு. அதே வட்டத்திலிருந்து, 1 வந்தால் கிளம்பு என்று இன்னோர் அம்பு. ஆக 1 வந்தால் இரண்டு வழி. 'இதுதான் கடைசியிலிருந்து மூன்றாவது' என்று ஒரு யூகத்தில் கிளம்பி, இன்னும் இரண்டு எழுத்து நடந்து, முடிவு வட்டத்தில் போய் நிற்கும். யூகம் தப்பென்றால் அந்த வழி அங்கேயே செத்துவிடும், மற்ற வழிகள் உயிரோடிருக்கும். வரிசை முடியும்போது ஏதோ ஒரு வழி முடிவு வட்டத்தில் நின்றால் போதும். படத்துக்குக் கீழே தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஒரு வரி: எந்த வழி சரி என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டாம், எல்லா வழியிலும் போகட்டும்.

"அட்றா!" என்றாள் ரூத். தாளைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமைத் திருத்துநர் மேசைக்குப் போனாள்.

சுப்புராமன் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருபவர். மனைவிக்கு அங்கே ஆராய்ச்சி வேலை, இவருக்கு இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாடம். பச்சைப் பேனாவைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"சார், பதிமூணுக்கு ஆன்சர் கீயில எட்டு வட்டந்தான் கீது..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எட்டுதான் இருக்கு. இது நாலுல போட்டிருக்கு. சரியா இருக்கு."

அவருக்கு இரண்டு வினாடி போதுமாக இருந்தது. "நான்-டிட்டர்மினிஸ்டிக். பல வழியில போற மெஷின். எனக்குத் தெரியாதாம்மா?"

"அப்ப பதிமூணு போடட்டுமா?"

"கீ என்ன சொல்லுது?"

"கேள்வி என்ன சொல்லுது சார்? ஒரே வழியில போற மெஷின்தான் வேணும்னு எங்கியாவது எழுதியிருக்கா? மெஷின் கேட்டீங்க, மெஷின் குடுத்திருக்கு."

"போட்டுக்கோ." சுப்புராமன் குரலை உயர்த்தவில்லை. "ஆனா நேத்து முப்பது பேரு இந்தக் கீயை வெச்சு ஆயிரத்து ஐந்நூறு பேப்பர் திருத்தி, சீல் வெச்சுக் கீழ் ரூமுக்கு அனுப்பியாச்சு. இன்னிக்கு இவனுக்குப் பதிமூணு, நேத்து ஒருத்தனுக்கு முட்டை. யாராவது கேட்டா யார் பதில் சொல்றது?"

"தப்பாத் திருத்தினவங்க சொல்லட்டும்."

"சரி. நேத்து உன் கட்டுல யாரும் நாலு வட்டம் போடலியே?"

பதிலுக்காக அவர் கேட்கவில்லை. கேட்ட கையோடு அடுத்த தாளுக்குக் குனிந்துவிட்டார். ஆனால் ரூத்துக்கு ஒரு தாள் ஞாபகம் வந்தது.

நேற்று, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஏழு தாள் பின்தங்கியிருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எட்டு இல்லை. மூலைக்கு மூலை சிவப்புக் கோடு, சைபர். அம்புகளை அவள் பார்க்கவேயில்லை, வட்டத்தை எண்ணினாள். மொத்தம் முப்பத்தெட்டு. தேற நாற்பத்தைந்து வேண்டும். எங்காவது ஏழு கிடைக்குமா என்று இரண்டாம் முறை கூட்டிப் பார்த்ததால்தான் அந்த எண்ணிக்கை மனதில் நின்றது. அப்போதுகூடப் பதின்மூன்றாம் பக்கத்தை அவள் திருப்பவில்லை.

இடத்துக்குத் திரும்பிக் கையிலிருந்த தாளுக்குப் பதின்மூன்று போட்டாள். அடுத்த தாளின் முதல் வரியை மூன்று முறை படித்தும் ஏறவில்லை.

"இன்னாடி, மூஞ்சி சுண்டிப் போச்சு?" என்றாள் ரேணுகா.

"நேத்து ஒருத்தர அடிச்சுட்டேன். நாலு வட்டம். வட்டத்த எண்ணிட்டு அடிச்சேன்."

"நானுந்தான் அடிச்சிருப்பேன். ரெண்டோ மூணோ. அதெல்லாம் ஞாபகம் வெச்சுகினா உக்காந்திருக்க முடியும்?"

"கட்டைப் பிரிக்கச் சொல்லப் போறேன்."

"லூசாடி நீ? மெமோ குடுப்பாங்க. உன் காலேஜுக்கு லெட்டர் போவும். உங்க கரஸ்பாண்டென்ட் உன்னை எப்படா தூக்கலாம்னு பாத்துகினு கீறாரு. அந்தப் புள்ள அடுத்த வாட்டி எழுதிட்டுப் போவுது. செத்தா போயிடும்?"

"நான் இந்தப் பேப்பர மூணு வாட்டி எழுதினேன்டி."

ஏன் இரண்டு முறை போனது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனி, அரியர் இருப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. எவனோ ஒருத்தன் அவசரத்தில் அடித்திருப்பான் என்று அந்த முகம் தெரியாத ஆளை இத்தனை வருடம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். அந்த ஆள் இப்போது அவளுடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து நாலே வரி எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். சுப்புராமன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'அம்புக்குறிகளைப் படிக்காமல் வட்டங்களை எண்ணி மதிப்பெண் மறுத்தேன்.' இப்படியாம்மா எழுதுவாங்க? கூட்டல் பிழைன்னு எழுது. அதுக்கு யாரும் மெமோ குடுக்க மாட்டாங்க. வருஷா வருஷம் எல்லாரும் எழுதறதுதான்."

கூட்டல் பிழை. இரண்டு சொல். வேலை தப்பிக்கும், அந்தப் பிள்ளையும் தப்பிக்கும்.

"கூட்டல் பிழைன்னா இந்த ஒரு பேப்பரத்தான் பிரிப்பீங்க. மத்ததெல்லாம்?"

"மத்தது உன் தலைவலி இல்ல. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்குச் சொல்ல ஊர் பூரா ஆள் கீது சார். நீங்க கையெழுத்துப் போடுங்க."

இந்தத் தடவை அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. அவர் பேனா மூடியை ஒரு தடவை திருகினார். பிறகு பச்சையில் கையெழுத்துப் போட்டார்.

"மெமோ வரும்."

"வரட்டும்."

கீழேயிருந்து கட்டைத் தூக்கிவந்த கேம்ப் உதவியாளர் முத்துசாமிக்கு மூச்சு வாங்கியது. "பதினாறு வருசமா சீல் வெக்கிறேன். பிரிக்கச் சொன்ன மொதோ ஆளு நீதாம்மா. திரும்ப வெக்கறப்ப நீயே வந்து மெழுகுவர்த்தி புடி."

பதினெட்டாவது தாள். சிவப்புக் கோடு அவளுடையதுதான், பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தியிருந்தாள். மொத்தம் போட்டிருந்த மூலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முதல் தடவையாக அந்த அம்புகளைப் படித்தாள். 100 போட்டுப் பார்த்தாள். முடிவு வட்டத்துக்குப் போனது. 0100, போனது. 110 போட்டாள். போகவில்லை.

மறுபடி போட்டாள். போகவில்லை. இரண்டாம் வட்டத்திலிருந்து மூன்றாவதுக்குப் போகும் அம்பின்மேல் 0 மட்டும் இருந்தது, கூட 1 இல்லை. மறந்ததா, தெரியாமல் விட்டதா? முழுசாகச் சரியில்லாத ஒரு விடைக்குத்தான் வேலையைப் பணயம் வைத்திருக்கிறாள். வியர்வை கண்ணில் இறங்கியது. அம்பின்மேல் அந்த 1 விழ ஒரு பேனாக் கீறல் போதும். கையில் சிவப்புப் பேனாதான் இருந்தது, அதில் போட்டால் மாணவர் எழுதியதாக ஆகாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

யூகித்துக் கிளம்பும் யோசனை சரி. வட்டங்கள் சரி. ஓர் அம்பு பாதி. நாலைக் கழித்தாள். ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதிவிட்டுக் கையை எடுத்தாள். முப்பத்தெட்டும் ஒன்பதும் நாற்பத்தேழு.

ஆனால் உட்கார முடியவில்லை. முப்பது மேசை. ஒவ்வொன்றிலும் அதே எட்டு வட்டம் ஒட்டியிருந்தது. மணி நாலே முக்கால், அவளுக்கு இன்னும் ஒன்பது தாள் பாக்கி. கரும்பலகையில் இருந்ததை அழித்துவிட்டு நாலு வட்டம் வரைந்தாள். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. இதுவும் சரியான விடைதான். நேத்து நான் வட்டத்த எண்ணிட்டு ஒருத்தர ஃபெயிலாக்கிட்டேன். கட்டைப் பிரிச்சாச்சு. நீங்களும் உங்க கட்டைப் பாருங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். "மேடம், பஸ்ஸுக்கு டைமாச்சு."

"எனக்குந்தான் டைமாச்சு."

யாரும் எழுந்திருக்கவில்லை. சிலர் சுப்புராமனைப் பார்த்தார்கள். அவர் விடைக்குறிப்பை மேசையிலிருந்து உரித்தெடுத்து, எட்டு வட்டத்துக்குக் கீழே பச்சைப் பேனாவால் என்னவோ வரைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

ரேணுகாதான் முதலில் அசைந்தாள். பாக்கியிருந்த தாள்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"ஒரு வெள்ளைப் பேப்பர் குடுடி, பேஜாரு புடிச்சவளே. எத்தினின்னுகூடத் தெரியல எனக்கு. மூணுன்னு எழுதறேன்."

முத்துசாமி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, முனகியபடியே மறுபடி படியிறங்கினார்.