மீட்டர் என்ன விலை

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி காலை, கூட்டம் சேரும் முன்பே அவள் தரைவிரிப்புக் கடைக்குப் போய்விடுவாள். விலைவாசிக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. அவளுக்கு ஒதுக்கியிருந்தது வீட்டுத் தரைக்கானவை மட்டும்: பிளாஸ்டிக் விரிப்பு, கம்பளம், வாசல் மிதியடி. அதே கடை, அதே பொருள், அதே அளவு. விலை மாறினால் காரணமும் எழுத வேண்டும். ஐந்து வருடங்களாக இதுதான்.

"எல்லாரும் விலை கேட்டுட்டு விரிப்பு வாங்குவாங்க. நீ ஒருத்திதான் தங்கச்சி, விலையை மட்டும் வாங்கிட்டுப் போற" என்று கடைக்காரர் மாதம் தவறாமல் சொல்வார். இந்த மாதம் சொல்லவில்லை. நாற்காலியும் போடவில்லை.

பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின் மேல் விலைச்சீட்டு புதிதாக ஒட்டியிருந்தது. மீட்டர் இருநூற்றுப் பத்து. போன மாதமும் அதுவேதான். எழுதப் போனவள், கல்லாவில் ஒரு பெண் அதே விரிப்பில் மூன்று மீட்டருக்கு எண்ணூற்றுப் பத்து கொடுப்பதைப் பார்த்தாள்.

அந்தப் பெண் வெளியே போகும்வரை காத்திருந்தாள். "அண்ணே, மீட்டர் இருநூத்தி எழுபதுல்ல வருது?"

"சீட்டுல இருக்கிறதை எழுதிக்க."

"சீட்டு வேற சொல்லுதே."

அவர் தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை ஒட்டினது நான் இல்லை. மேலிடத்திலேர்ந்து ஆள் வந்தாங்க. என் வாயைக் கிளறாதே தங்கச்சி, புள்ளகுட்டிக்காரன்."

அவள் வாசலில் நின்று யோசித்தாள். ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் ஏறுவதும் அவள் அப்பாவுக்கு ஓய்வூதியம் ஏறுவதும் இந்த எண்களை வைத்துத்தான். தரைவிரிப்பு அதில் ஒரு துளி. ஆனால் துளியிலேயே கை வைக்கிறவர்கள் குடத்தை விட்டுவைத்திருப்பார்களா? படிவத்தில் இருநூற்று எழுபது என்று அழுத்தி எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'சீட்டு ஒரு விலை, விற்பது ஒரு விலை' என்றும்.

மதியம் அதிகாரி அவளை அழைத்தார். தானே எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"பதினாலு கடையிலேர்ந்து விவரம் வந்தாச்சும்மா. எதுலயும் மாற்றமில்லை. உங்களுது மட்டும் எப்படி ஏறிச்சு?"

"விக்கிறதைக் கண்ணால பார்த்தேன் சார்."

"பார்த்ததையெல்லாம் எழுதணும்னு இருக்கா?" பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுக்கவில்லை. அவர் கோபித்திருந்தால் பயந்திருக்க மாட்டாள். படிவத்தைப் பதமாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். "அவசரமில்லை, யோசிச்சுக் காலையில குடுங்க. அப்பா பகல்ல வீட்டுல தனியாத்தானே இருப்பார்?"

அப்பாவைப் பற்றி அவள் அலுவலகத்தில் யாரிடமும் பேசியதே இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். மூன்று மாடி ஏறிக் கதவைத் தள்ளியபோது அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

"நீ வருவேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் அப்பா உற்சாகமாக. "ரெண்டு பேர் வந்தாங்கம்மா, தங்கமான பசங்க. உங்க ஆபீஸ்லேர்ந்துதானாம். நம்ம வீடு முழுக்க இனாமா விரிப்பு போட்டுத் தர்றாங்களாம். ஹாலை அளந்தாங்க, உன் ரூமையும் அளந்தாங்க. நீ எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டாங்க."

"என்னப்பா சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். ஏன், தப்பா?"

அவள் தன் அறைக்குப் போனாள். தரையில் நான்கு மூலையிலும் சாக்பீஸ் குறி. கட்டிலைச் சுற்றியும் ஒரு கோடு, நேராக, அடித்துத் திருத்தாமல். ஈரத்துணி எடுத்து முழங்காலிட்டுத் துடைத்தாள். துடைத்த இடம் பளிச்சென்று இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

கீழே ஒரு வேன் வந்து நின்றது. படிக்கட்டில், கனமான எதையோ தூக்கி வருகிறவர்களின் நிதானமான காலடிகள்.

"சொன்ன மாதிரியே வந்துட்டாங்க பாரு" என்று அப்பா எழுந்தார்.

"அப்பா, திறக்காதீங்க!"

அவர் தாழ்ப்பாளை நீக்கிவிட்டிருந்தார். சுருட்டிக் கட்டிய விரிப்புதான் முதலில் உள்ளே வந்தது. ஆள் உயரத்துக்கும் அதிக நீளம். அது ஹாலைக் கடந்து அவள் அறை வாசல்வரை நீண்டு வந்தது. அதைச் சுமந்தவர்களின் முகம் இன்னும் கதவுக்கு வெளியிலேயே இருந்தது.